டிரம்மின் மேல் உட்கார்ந்த வால்குருவி

நான் பறவை பார்க்கப் போகிறவன். எழுதும்போது இதை ஒரே வரியில் எழுத முடிகிறது. வாயால் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம் வண்டியை வெளியே தள்ளினால் எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டு நிற்பார்.

"இன்னாப்பா, எங்க கெளம்பிட்ட?"

"சும்மாண்ணே."

"கழுத்துல இன்னா, கேமராவா? கல்யாண ஆர்டரா?"

"இல்லண்ணே. சும்மா."

அவர் துப்பிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தச் சும்மாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. இப்போது நான் எழுத உட்கார்ந்திருப்பது கூச்சம் போய்விட்டதால் அல்ல. போன பனிக்காலத்தில் மலையில் எனக்கு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு மாதிரி பேசுகிறார்கள். நான் போலீசுக்கு உளவு சொன்னேன் என்று ஒரு கதை. சாராயக்காரர்களிடம் மாட்டி உதை வாங்கினேன் என்று இன்னொரு கதை. இரண்டும் பொய். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் போகிற சாலையில் எனக்கு ஒரு கடை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். படிப்பு ஐந்தாவதோடு சரி. மோட்டாரைக் கட்டி முடித்தால் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க வேண்டும். மாட்டியதும் கிளம்பிவிட முடியாது. ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நிலத்துக்காரர் மடை திருப்பப் போய்விடுவார். மோட்டார் கொட்டகை நிழலில் நான் மட்டும் இருப்பேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும் முதலில் மைனா வரும். மண் நனைந்து பூச்சி வெளியே கிளம்பும்போது கொக்கு வந்து நிற்கும். கரிச்சான் கரண்டு கம்பியில் உட்கார்ந்து, கொக்கு கிளப்பிவிடுகிற பூச்சியைக் குறுக்கே வந்து அடிக்கும். இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பழக்கம் வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒருநாள் அதே கம்பியில் மண் நிறத்தில் சோம்பேறியாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அது எழும்பி இறக்கையை விரித்ததும் இரண்டு பக்கமும் நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் புடவைக் கடையில்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன்.

"வெயில்ல குந்திக்கினு இருந்தா நீலமும் தெரியும், பச்சையும் தெரியும்" என்றாள்.

எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியாது. நாலு வார்த்தைக்கு மேல் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் தன் பழைய கேமராவை விற்பதாகக் கேள்விப்பட்டு, போய் வாங்கிவந்தேன். மூக்கை நீட்டினால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும் கேமரா. அந்த நீலத்தைப் பிடித்துவந்து அவள் முன்னால் வைக்கப் பல வாரம் ஆயிற்று. பார்த்தாள். "அட, ஆமா" என்றாள். அவ்வளவுதான். அந்த "அட"வுக்காக நான் எவ்வளவு வெயில் குடித்தேன் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் ஒரு புத்தகம் வாங்கி, எழுத்துக் கூட்டி, அது பனங்காடை என்று தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு எனக்குக் காக்கா போட்டோகிராபர் என்று பெயர் வந்தது. டீக்கடையில் நான் நுழைந்தால் யாராவது கா கா என்பார்கள். மனைவி வழிச் சொந்தத்தில் காதுகுத்து என்றால், "மாமாகிட்ட கேமரா சும்மாதானே கெடக்குது, வந்து எடுக்கட்டுமே" என்று கேட்பார்கள். மாட்டேன் என்றேன். சொந்தம் கோபித்துக்கொண்டது. கோபித்துக்கொள்ளட்டும். கேமராவைத் தூக்கினதும் மனிதர்கள் வேறு ஆளாகிவிடுகிறார்கள். வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொக்கு அப்படிச் செய்வதில்லை. நான் கேமராவைத் தூக்கினாலும் இறக்கினாலும் அது கொக்காகவே இருக்கிறது.

கோமுகி அணைப் பக்கம் நீர்ப்பறவை பார்த்து முடித்து, மெல்ல மலை ஏற ஆரம்பித்தேன். கரியாலூர் தாண்டி, அருவி பார்க்க வருகிற கூட்டமெல்லாம் நின்றுபோகிற இடத்துக்கு அப்பால், ஓடையோரம் ஒரு சிறிய ஊர் இருக்கிறது. பெயர் எழுத மாட்டேன். மரவள்ளிக் கொல்லை, பலா மரம், கொஞ்சம் வீடு. அந்த ஓடைக்குப் பனிக்காலத்தில் ஒரு பறவை வரும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தலை, உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு ரிப்பன் மாதிரி வால். புத்தகத்தில் அரசவால் ஈபிடிப்பான் என்று போட்டிருக்கிறது. மலையில் வால்குருவி என்பார்கள். வெள்ளை நிற ஆண் பறவையைக் காண்பது எங்கள் பக்கம் கடினம். அதற்காகவே அங்கே போய்க்கொண்டிருந்தேன். கண்ணில் படும், கேமராவில் படாது. வால் ஒரு மரத்தில் இருக்கும்போதே தலை அடுத்த மரத்துக்குப் போயிருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கருணாபுரத்தில் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு, மலையில் கேமராவைக் கண்டால் ஆட்களின் முகம் மாறிவிடும். ரெய்டு வந்தவர்கள் பறக்கிற கேமராவை மேலே அனுப்பி, டிரம்மில் போட்டு வைக்கிற சாராய ஊறலைத் தேடினார்கள் என்றும், சாராயத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டுத் தண்ணீர் டிரம்மும் அதில் உடைந்தது என்றும் மலையில் சொல்வார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. கருணாபுரத்தில் செத்தவர்களில் ஒருவர் எனக்கு மோட்டார் தூக்கிக் கொடுக்க வந்துகொண்டிருந்தவர். அதையும் நான் மறக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் மலை ஏறினேன்.

மார்கழி ஞாயிறு ஒன்றில், வெயில் சாயும் நேரம், ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளையாக ஒன்று மூங்கில் புதரிலிருந்து இறங்கி, எதன் விளிம்பிலோ உட்கார்ந்து, குனிந்து குடித்தது. வால் பின்னால் நேராகத் தொங்கியது. நான் மூச்சுவிடவில்லை. அழுத்தினேன். ஒருமுறை தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தது. இன்னொருமுறை அழுத்தினேன். போய்விட்டது.

என் தோளில் ஒரு கை விழுந்தது. பனியன் போட்ட ஒருவன். லாரியில் லோடு ஏற்றப் போகிறவன் என்று பிறகு தெரிந்தது.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

"இன்னா எடுத்த?"

"குருவி."

"காட்டு."

பெருமையாகத்தான் காட்டினேன். அன்றைக்கு இந்த உலகத்தில் யார் கேட்டிருந்தாலும் காட்டியிருப்பேன். அவன் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தான்.

"குருவியா இது? டிரம்முடா இது!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். படத்தில் பாதி நீலம். நீல நிறப் பிளாஸ்டிக் டிரம், அதன் பின்னால் ஒரு வீட்டு வாசல், கட்டியிருந்த கயிற்றில் ஒரு பாவாடை. அத்தனைக்கும் மேலே விளிம்பில் என் குருவி. சத்தியமாகச் சொல்கிறேன், அழுத்தும்போது என் கண்ணில் அந்த டிரம் இல்லவே இல்லை. அதற்குள் தண்ணீர் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பார்த்தது பறவையை.

கேமரா என் கழுத்திலிருந்து அவன் கைக்குப் போயிற்று. ஆட்கள் வந்தார்கள். அடிக்கவில்லை. அடிக்கிற மாதிரி ஒரு விரல்கூட என் மேல் படவில்லை. உதை வாங்கினேன் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரைக் கூட்டிவந்தார்கள். வயதானவர், காதில் கடுக்கன், தோளில் துண்டு. அம்மன் கல் நட்டிருக்கிற மரத்தடிக்கு என்னை நடத்திக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி அம்மன் முன்னால் வைப்பார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் ஊர் அதற்கு மேல் கேட்காது. பொய்யாக அணைத்திருந்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

"ரெண்டு சத்தியம்" என்றார் கவுண்டர். "ஒண்ணு, நீ போலீசு ஆளு இல்ல. ரெண்டு, இனிமே இந்தப் பொட்டியத் தூக்கிக்கினு எங்க ஊரு பக்கம் வர மாட்ட. ரெண்டுக்கும் அணைச்சிட்டு பொட்டிய வாங்கிக்கினு போ. ஒண்ணும் செய்ய மாட்டோம்."

முதல் கற்பூரத்தை அணைத்தேன். "நான் போலீசு ஆளு இல்ல" என்று சொன்னபோது குரல் வரவில்லை. "சத்தமா" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மறுபடியும் சொன்னேன். உள்ளங்கை சுட்டது.

இரண்டாவதை ஏற்றினார்கள். நான் கையை நீட்டவில்லை.

"அணைப்பா."

"மாட்டேன்."

"இன்னாது?"

"மாட்டேங்க."

கூட்டத்தில் சிரிப்பு. "யோவ், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தலைய குனிஞ்சிக்கினு மாட்டேங்கறான் பாரு!"

"பொட்டி வேணாமா உனக்கு?" என்றான் பனியன்காரன்.

"வேணும்."

"அப்ப அணை."

"மாட்டேன்."

கவுண்டர் கிட்டே வந்தார். "ஏம்ப்பா மாட்ட?"

"வருவேங்க. வருவேன்னு தெரிஞ்சிக்கினே எப்டி அணைக்கிறது?"

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல்முறை. நின்ற இடத்தில் நின்றேன். அவர்களும் நின்றார்கள். கற்பூரம் எரிந்து எரிந்து சின்னதாகி, வெற்றிலையைக் கருக்கிவிட்டுத் தானாக அணைந்தது. அணைக்கவும் இல்லை, பயந்து ஓடவும் இல்லை என்றால் என்ன செய்வது என்று அவர்களுடைய வழக்கத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு ஏத்துங்க" என்றது ஒரு குரல்.

"கற்பூரம் இன்னா ஓசியா வருது?" என்றார் கவுண்டர். "பொட்டி எங்கூட்டுல இருக்கட்டும். இவனுக்கு எப்ப அணைக்கணும்னு தோணுதோ அப்ப வந்து வாங்கிக்கினு போவட்டும்."

வெறுங்கழுத்தோடு மலை இறங்கினேன். கழுத்தில் வார் இல்லாமல் வண்டி ஓட்டுவது சட்டை இல்லாமல் ஓட்டுவது போல இருந்தது.

மறுநாள் வீட்டில் மச்சான் வந்து உட்கார்ந்துவிட்டான். என் மனைவியின் தம்பி. யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் அவனுக்கு ஒரு ஆள் தெரிந்திருக்கும்.

"ஸ்டேசன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடு மாமா. ரெண்டு பேரு கூட ஜீப்புல போனா பொட்டி தானா வருது."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"போலீச கூட்டிக்கினு போயி நின்னா, நான் அணைச்சது பொய்யாயிடும்."

"அது இன்னா பெரிய சத்தியம்? சரி, அந்த டிரம்முல இன்னா இருந்துச்சி?"

"குருவி."

"மேல இருந்தது குருவி. உள்ள?"

"உள்ள நான் பாக்கல."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு மோட்டாரு தூக்கனவன் செத்தானே மாமா. அவன் பொண்டாட்டி தெருவுல உருண்டத நீயும்தானே பாத்த? ரோஷம் வேணாம்?"

அது என்னைக் குத்தியது. குத்தத்தான் சொன்னான். எனக்கு ரோஷம் உண்டு. சாராயம் காய்ச்சுவதைக் கண்ணால் கண்டிருந்தால் நானே போய் என் வாயால் சொல்லியிருப்பேன், திக்கித் திக்கியாவது சொல்லியிருப்பேன். காணாததைக் கண்டதாகச் சொல்ல மாட்டேன். குடிக்க வந்த குருவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவும் மாட்டேன். இதை எல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப விட்டுத் தொலைங்களேன்" என்றாள் மனைவி. "பழைய பொட்டிதானே. காக்கா பேரும் அதோட போவட்டும்."

"அடுத்த வாரம் போறேன்."

"எதுக்கு?"

"பாக்க."

"பொட்டி இல்லாமலா?"

"கண்ணு இருக்குதே."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு இருக்குதா? அப்ப சரி. அதைக் கொஞ்சம் ரோட்டு மேலயும் வைங்க. வளைவுல எதையாவது அண்ணாந்து பாத்துக்கினு பள்ளத்துல விட்றாதீங்க." ஞாயிறு காலையில் புளிசோறு கட்டித் தந்தாள்.

போனேன். அதே பாறையில், ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தேன். பனியன்காரன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"இன்னா, அணைக்க வந்தியா?"

"இல்ல."

"அப்புறம்?"

"குருவி பாக்க."

"பொட்டி?"

"உங்ககிட்டதானே இருக்குது."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் போகவில்லை, காவலுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படித்தான். யாராவது ஒருவர் எனக்குக் காவல் இருப்பார். பொங்கல் வந்தது, போயிற்று. நான் வருவேன், உட்காருவேன், சாப்பிடுவேன், இறங்குவேன். ஒருவருக்கும் வணக்கம் வைத்துக் கெஞ்சவில்லை. முறைக்கவும் இல்லை. முறைக்க எனக்கு வராது.

கேமரா இல்லாமல் பார்ப்பதுதான் உண்மையான பார்வை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்குருவி இரண்டுமுறை கைக்கெட்டும் தூரத்தில் வந்து போயிற்று. எனக்குக் கை அரித்தது. ஆனந்தம் எல்லாம் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் போனேன். போகாவிட்டால் அந்த இரண்டாவது கற்பூரத்தை நான் வீட்டிலிருந்தபடியே அணைத்ததாக ஆகிவிடும்.

தை முடியும் சமயம் அந்த ஊரின் போர் மோட்டார் ஓடாமல் நின்றது. பெண்கள் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். நான் யார், என்ன தொழில் என்று அதற்குள் விசாரித்து வைத்திருக்கிறார்கள். கவுண்டரே பாறைக்கு வந்தார்.

"நீ மோட்டாரு வேலைதானாமே?"

"ஆமாங்க."

"நம்ம மோட்டார ஒரு கை பாரு. ஓடிச்சின்னா பொட்டிய எடுத்துக்கினு போ. சத்தியமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நல்ல பேரம்தான். வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே முடித்திருப்பார்கள். எனக்கு ஏனோ ஒப்பவில்லை. என் பொருளை என் உழைப்பைக் கொடுத்து நான் மீட்க வேண்டுமா? அப்படி மீட்டால், அவர்கள் பிடுங்கியது சரி என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகாதா?

"மோட்டார பாக்கறேங்க. எல்லா ஊர்லயும் வாங்கற கூலிய குடுங்க. பொட்டி வேற."

"அட, பொட்டிய தரேன்ங்கறேன்!"

"மோட்டாருக்குப் பொட்டி இல்லீங்க. மோட்டாருக்குக் கூலி."

"இவன் இன்னாடா, குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறான்!" என்று அவர் பனியன்காரனைப் பார்த்துச் சொன்னார்.

பெரிய பழுது ஒன்றும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு புகுந்து, பாயிண்ட் சேருகிற இடத்தில் செத்து அப்பிக்கிடந்தது. மெயினை இறக்கிவிட்டு, சுரண்டித் துடைத்து மாட்டினேன். தண்ணீர் வந்தது. வழக்கம்போல், ஸ்டார்ட்டர் சூடேறுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன். கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். டேங்க் ஓரம் தண்ணீர் வழிந்த இடத்துக்கு மைனா வந்துவிட்டது. கேமராவைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு நான் பாறையில் உட்கார்ந்திருந்தபோது, வெயில் சாய ஆரம்பித்ததும் ஒரு பெண் ஓடையைத் தாண்டி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். கையில் என் கேமரா. பின்னாலேயே கவுண்டரும் பனியன்காரனும் இன்னும் சிலரும்.

"எங்கூட்டு டிரம்மு" என்றார். "நீ புடிச்சது எங்கூட்டு வாசல. என் பாவாட காயறதும் அதுல தெரியுது. இவங்கள்லாம் குந்திக்கினு அத மாத்தி மாத்திப் பாத்து, சார்ஜே தீந்துபூடுச்சி. எனக்கு மானம் போவுது." பின்னால் திரும்பினார். "போலீசு வருமோ வராதோன்னு நீங்க பயப்படறது உங்க பாடு. என் வாசலு என் பாடு. இவங்கிட்ட நான் கேட்டுக்கறேன்."

கவுண்டர் துண்டை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்தப் படத்த அழிச்சிடுப்பா" என்றார் அந்த அம்மாள். "மத்ததெல்லாம் உன்னுது. எடுத்துக்கினு போ."

"டிரம்ம மட்டும் அழிக்க முடியாதுக்கா. குருவியும் போயிடும்."

"போவட்டும்."

என்னிடம் இன்னொரு பேட்டரி இருந்தது. கேமராவைப் பிடுங்கிய பிறகு ஒரு ஞாயிறுகூட நான் அதைச் சார்ஜ் போட்டுச் சட்டைப் பையில் வைக்காமல் மலை ஏறியதில்லை. அதை எடுத்து மாட்டினேன். படம் வந்தது. சின்னக் கண்ணாடியில் அந்த வெள்ளை உடம்பு, குனிந்த கறுப்புத் தலை, தொங்குகிற வால். அடுத்த படத்தில் அது என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடத்தில் நான் எடுத்ததில் அதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இனிமேல் எடுப்பேனா என்றும் தெரியாது.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மிரட்டிக் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேன். கற்பூரம் ஏற்றிக் கேட்டபோதும் தரவில்லை. இந்த அம்மாள் மிரட்டவில்லை. இனிமேல் வராதே என்றும் சொல்லவில்லை. தன் வீட்டு வாசலைத் திருப்பிக் கேட்டார். நான் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனது அது. ஆட்களை எடுக்க மாட்டேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் முறுக்கிக்கொண்டு திரிகிறவன், ஒருத்தர் வீட்டுக் கொடியில் காய்வதை எப்படி வைத்துக்கொள்ள முடியும்?

இரண்டு படத்தையும் அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அழிக்கட்டுமா என்று கேமரா ஒவ்வொரு முறையும் கேட்டது. ஆமாம் என்று ஒவ்வொரு முறையும் அழுத்தினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டு, "அழகாத்தான் இருந்துச்சி" என்று முனகிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டினேன். கவுண்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சில்ல? கெளம்பு."

"இன்னும் வெளிச்சம் இருக்குதுங்க."

"அடுத்த வாரமும் வருவியா?"

"வருவேங்க."

"இதத் தூக்கிக்கினா?"

"இதத் தூக்கிக்கினுதாங்க."

"சொன்னா கேக்கவே மாட்டியா நீ?"

"மாட்டேங்க."

அவர் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்போது தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு வந்து, ஊருக்கு நடுவே ஒரு வேலியில் வரிசையாக இறங்கியது. எல்லா ஊரிலும் இருக்கிற குருவிதான். யாரும் அதற்காகக் கேமரா தூக்க மாட்டார்கள். நான் பாறையிலிருந்து இறங்கி, அத்தனை பேரையும் ஓடையையும் தாண்டி, ஊருக்குள் நடந்துபோய் நின்று, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

வேலிக்குப் பின்னால் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து, தன் நீல டிரம்மைக் கட்டிப்பிடித்துச் சாய்த்து, அடிவிளிம்பில் சுவருக்குப் பின்னால் உருட்டத் தொடங்கினார். அது பாதி நிறைந்திருந்ததால் சட்டென்று நகரவில்லை. நான் கேமராவை இறக்கிக்கொண்டு, அவர் உருட்டி முடிக்கிறவரை காத்திருந்தேன். முடித்துவிட்டு, எடுத்துக்கோ என்பது போலக் கையை வீசினார்.

தவிட்டுக்குருவிகள் இன்னும் வேலியிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எடுத்தேன்.